அண்ணா என்று பதிந்த பெயர்

அண்ணே,

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன் அண்ணே, என் கையால்! பேனாவில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. கைச்சூட்டில் அந்த ரப்பர் வாசனை எழுந்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

வாதம் வந்து மடங்காத என் விரல்களுக்காக மேடம் முதலில் ஸ்பூனில்தான் இதைச் சுற்றிக் கொடுத்தார். தெருவில் கிடப்பவர்களுக்குச் சாப்பிட, குளிக்க, அடுப்புப் பற்றவைக்க மறுபடி பழக்கிவிடுவதுதான் அவர் வேலை. நாம் கிடந்த கட்கி பாலத்தடிக்கே நம்மைத் தேடி வருவார். "பஞ்சர் ஒட்டின ஸ்பூன்ல சாப்பிடுற ஒரே ஆளு நீதாண்டா" என்று சிரித்தீர்கள்.

நம் இருவருக்கும் அவர் அறை கிடைக்கச் செய்தபோது, குடிபோகும் முன்பே பூட்டித் திறக்க ஒரு வாரம் பழக்கினார். குடிபோன அன்று ராத்திரி நீங்கள் என்னை உள்ளே விட்டு, கதவை வெளியே பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்தீர்கள்.

"உள்ள படுங்கண்ணே."

"உள்ள படுத்தா யாருடா காவல் பாக்குறது?"

பாலத்தடியில் மூட்டையைக் காத்துக் காத்து அப்படியே ஆகிவிட்டது உங்களுக்கு. நான்காம் நாள் அங்கேயே திரும்பிவிட்டீர்கள்.

நான் கூப்பிட்டால் நீங்கள் வருவீர்கள், போய் அழைத்து வரலாமா என்று மேடம் என்னைக் கேட்டார். "அவரே வருவாரு மேடம்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன். அங்கே போனால் நானும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன் என்று பயம்.

அந்த வாரம் முழுவதும் மழை. பாலத்தடியில் நனைந்து கிடந்த உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதாகச் சொன்னார்கள்; நான் போனபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள். "நாம் க்யா ஹை?" என்று பெயர் கேட்டார் குமாஸ்தா. ஆறு வருஷம் ஒரே பீடியைப் பகிர்ந்தவன், பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. "அண்ணா" என்றேன். இந்த மராத்தி ஊரில் தமிழ் ஆட்கள் எல்லோரையும் அண்ணா என்றுதானே கூப்பிடுகிறார்கள். அதையே பெயராக எழுதிக்கொண்டார்.

இப்போது ஞாயிறுதோறும் பாணேரிலிருந்து ஒரு பெண் வந்து தமிழ் எழுத்துச் சொல்லித்தருகிறாள். முதலில் 'அண்ணே' எழுதத்தான் கேட்டேன். "மூணு சுழி தாத்தா, ரெண்டு இல்ல" என்று திருத்தினாள். சரியாக வந்ததும் நாள் பூராவும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் உள்ளேதான் படுக்கிறேன். கதவை ஒட்டிப் படுக்கிறேன், யாராவது தட்டினால் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு எழுதும்போது எனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் ஒன்றொன்றாக எழுதிப் பார்க்கப் போகிறேன். முருகன், சண்முகம், துரை... ஏதோ ஒன்று உங்களுடையதாக இருக்கும்.