விலை இறங்கும்வரை காத்திருப்பவர்கள்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

போன மாதம் நீ போனில் அப்பாவிடம், "வீட்டு விலையெல்லாம் உச்சத்துல நிக்குதுப்பா, சீக்கிரம் சரியும், இப்பவே வித்துட்டு வாடகைக்குப் போங்க, சரிஞ்சதும் ரெண்டு வீடா வாங்கிடலாம்" என்று சொன்னாலும் சொன்னாய், அன்றிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் பேப்பர் படித்தால் விலை விழும் என்கிறார், மாலையில் டிவி பார்த்தால் ஏறும் என்கிறார், சாப்பிடுகிற நேரத்தில் மட்டும்தான் விலை ஆடாமல் அசையாமல் நிற்கிறது. முப்பது வருஷம் தபாலுக்கு முத்திரை குத்தியவர், இப்போது பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே வட்டி விகிதம் பேசுகிறார்.

வியாழக்கிழமை ஒரு தரகர் வந்து சேர்ந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் தெருவில் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்றே பெயர். கூடவே வீடு பார்க்க ஒரு இளம் ஜோடி. அவன் பஸ் டிரைவர், அவள் மருந்துக்கடையில் வேலை, ஆறு மாதக் கர்ப்பம். தரகர் கூடத்தில், நான் பக்கத்தில் நிற்கும்போதே, அப்பாவின் காதோரம், "சார், மார்க்கெட்டு விழப்போகுது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடுங்க" என்றார். மாடியைக் காட்டுகிற சாக்கில் அந்த இருவரையும் படிக்கட்டில் நிறுத்தி, "அடுத்த மாசம் விலை எகிறிடும், யோசிக்காம பிடிச்சுப் போடுங்க" என்றார். படிக்கட்டுக்கு நேரே என் சமையலறை ஜன்னல் இருப்பது பாவம், அவருக்குத் தெரியாது. நான் கரண்டியும் கையுமாக வெளியே வந்து, "ரெண்டையும் ஒரே இடத்துல உக்காந்து சொல்லுங்க, எல்லாருமே கேக்குறோம்" என்றேன். அவர் அசரவே இல்லை. "விக்கிறவங்களுக்கு இறங்கும், வாங்குறவங்களுக்கு ஏறும், அதுக்குப் பேருதாம்மா மார்க்கெட்டு" என்றாரே பார்க்கலாம்!

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். "இறங்கட்டும் இறங்கட்டும்னு இவரு சொல்லியே நாலு வீடு மாறிட்டோம்மா. பிள்ளை பொறக்கும்போதாவது ஒரே எடத்துல இருக்கணும்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் பாதி என் பெயரில் இருப்பதை உன் அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகப்படுத்தினேன். விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன், மாடி சும்மாதானே கிடக்கிறது, இவர்கள் வந்து இருக்கட்டும் என்று முடித்துவிட்டேன். தரகர் டீயைக் குடித்துவிட்டுப் பக்கத்துத் தெருவுக்கு விலையை ஏற்றவோ இறக்கவோ போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடி வந்துவிட்டார்கள். உன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சாயங்காலமானால் உன் அப்பா ஏறும் என்கிறார், டிரைவர் இறங்கும் என்கிறான், இரண்டு பேரும் ஒரே சோபாவில். எனக்கும் அவளுக்கும் வேறு பேச்சு இருக்கிறது.

நீயும் ஆறு வருஷமாக வாடகை வீட்டில் காத்திருக்கிறாய். விலை சரிகிறபோது சரியட்டும், அதுவரை மூலையில் அடுக்கி வைத்திருக்கிற பெட்டிகளைப் பிரித்துவிடு. மருமகள் படம் மாட்ட ஆசைப்பட்டால் அந்தச் சுவரில் ஆணி அடிக்கட்டும், வீட்டுக்காரர் கேட்டால் ஓட்டையைப் பூசிக் கொடுத்துவிடலாம். நேரத்துக்குச் சாப்பிடு, அவளிடம் எரிந்து விழாதே. மூன்று பேரும் மனநிறைவோடு நீடூழி வாழ வேண்டும்.

மறந்துவிட்டேன், நேற்று குட்டி போனில் ரகசியமாக ஒன்று கேட்டாள். "பாட்டி, இறங்கினதும் நம்ம வீட்டுக்குப் போலாம்னு அப்பா சொல்றாரு. நான் பெட்டி மேலேருந்து எப்பவோ இறங்கிட்டேன். இன்னும் யாரு இறங்கணும்?" அப்பாவையே கேளு என்று சொல்லிவிட்டேன். நீயே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா