மேலதிகாரி வந்ததும் எழுந்து நின்றார்

செவ்வாய், இரவு.

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு, "விழுந்துடுவேன் சிஸ்டர்" என்று கட்டிலை விட்டு எழவே மறுத்த ராமநாதன் சார் இன்று எழுந்து நின்றார்!

சாயந்திரம் அவருடைய பழைய மேலதிகாரி, லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் இவர் வீட்டுக்குப் பார்க்க வந்தார். அவரும் கிழவர்தான். அவர் அறைக்குள் நுழைந்ததும், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த இவர் வாக்கரைப் பிடித்து விறைப்பாக எழுந்துவிட்டார். நான் பாய்ந்துபோய்த் தாங்கிக்கொண்டேன்.

"உட்காருப்பா" என்றபடி அதிகாரி நாற்காலியை இழுத்தார்.

"சார், நீங்க உட்காராதீங்க! நீங்க உட்கார்ந்தா இவரும் உட்கார்ந்துடுவார்!" என்று கத்திவிட்டேன். நல்ல மனுஷர், நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

"கிளம்பிட்டாரா சிஸ்டர்? இப்ப உட்காரலாமா?"

"இல்ல சார், வாசல்லதான் நிக்கறார்."

பச்சைப் பொய். கர்த்தர் மன்னிப்பார். இன்னும் ஒரு நிமிஷம் நின்றாரே!