எட்டாயிரம் அடி துரோகம்

ஞாயிறு, 12 மே 1996

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: அம்பத்தூரின் ஒரே போர் விமானியாகிய நான், இன்று மாலை கம்ப்யூட்டர் சென்டரில் வீரமரணம் அடைந்தேன். கொன்றவன் எதிரில் வந்த எதிரி அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டீபன்.

கம்ப்யூட்டர் கேமில் வரும் அந்தக் காலத்துப் போர் விமானத்தை நான் ஓட்ட வேண்டும், அவன் டயல்களைப் படித்துச் சொல்ல வேண்டும். பத்திரமாக இறக்கினால் லீவு முழுக்க ஞாயிற்றுக்கிழமை மிஷின் எங்களுக்கு என்று சென்டர் அண்ணன் சொல்லியிருந்தார். திரையெல்லாம் மேகம். உயரம் காட்டும் டயலைப் பார்த்து, "எட்டாயிரம் அடி கீது மாமே, தெகிரியமா எறக்கு" என்றான் ஸ்டீபன். இறக்கினேன். தரை வந்து முகத்தில் அறைந்தது. இருந்தது எண்ணூறு அடிதான் என்றார் அண்ணன்.

"வேணும்னே கவுத்துட்டியேடா, துரோகி!" என்று கத்தினேன். சென்டரே சிரித்தது.

வெளியே சைக்கிளை எடுக்கும்போதுதான் ஸ்டீபன் மெதுவாகக் கேட்டான்: "பெரிய முள்ளு ஆயிரம், சின்ன முள்ளு நூறுன்னு நீதானடா சொல்லிக் குடுத்த?"

நான்தான். எல்லா டயலும் எனக்கு அத்துப்படி என்று போன வாரம் பீற்றிக்கொண்டபோது. உண்மையில் எனக்கும் தெரியாது. பெரிய முள்ளாக இருக்கிறதே, பெரிய கணக்காகத்தான் இருக்கும் என்று அடித்துவிட்டேன். அது நேர் தலைகீழ்: பெரிய முள்தான் நூறு.

துரோகி என்று கத்தியது சென்டர் முழுக்கக் கேட்டது. இதை இந்த நோட்டிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.