மடங்காத சக்கரம்

மார்ச் 3
விமானி உரிமம் வாங்கி ஐந்து மாதம். வாடகை விமானம் ஓட்டிச் சலித்துவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கியே தீருவது. கண்ணில் இரண்டு நிற்கின்றன. பல் டாக்டர் ஒருவர் விற்பது வேகக்காரி, மேலே போனதும் சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்வாள். மற்றது வெயிலில் வெளுத்தது. சக்கரம் மடங்காது, வேகமும் கிடையாது. விமானிகள் சங்கத்தில் அதற்குப் பெயர் ‘ஆமை’. மாமியார் வீட்டுக்குக் காரில் ஒரு பகல் முழுக்க ஆகிறது. வேகக்காரிதான் சரி. அங்கே போக இவ்வளவு அவசரப்படும் முதல் மருமகன் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 9
மனைவியிடம் சொன்னேன்.
“வாங்குங்க. ஆனா நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா ஏறக்கூடாது. பாப்பாவுக்கு ஒருத்தராவது மிஞ்சணும்ல?”
மிஞ்சணுமாம்! அப்புறம் எதுக்கு நாலு சீட்டு? பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 10
சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

மார்ச் 15
டாக்டர் பக்கத்தில் இருக்க, வேகக்காரியை நான் ஓட்டிப் பார்த்தேன். ஓடுபாதைக்கு மேல் வந்து வேகத்தைக் குறைத்ததும் ஊதல் சத்தம். பயிற்சி விமானத்தில் தரையைத் தொடும் நொடியில் அப்படி ஒன்று வரும். வந்தால் வேகம் சரியாகக் குறைந்து, நன்றாக இறக்குகிறோம் என்று பொருள். கேட்டதும் எனக்குப் பெருமை. பெருமை!
டாக்டர் என் கையைத் தட்டிவிட்டு, முழு வேகம் கொடுத்து மேலே தூக்கினார். “சக்கரம் எங்கய்யா?”
இதில் அந்த ஊதலுக்குச் சக்கரம் இறங்கவில்லை என்று பொருள். தரைக்கு ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. மடங்காத சக்கரத்துலயே ஓட்டினவனுக்கு, இறக்கணும்னே தோணலையே!
“பழகிடும்” என்றார். பழகும் வரைக்கும்?

மார்ச் 16
மனைவியும் பாப்பாவும் நேற்று வேலியோரம் நின்று பார்த்தார்கள். “தரைகிட்ட வந்து மறுபடி மேல போனீங்களே, ஏன்?” என்றாள். காற்று என்றேன்.
சொன்னால் இனி பாப்பாவைப் பக்கத்திலேயே விடமாட்டாள். சொல்லாவிட்டால்?

மார்ச் 18
சொல்லிவிட்டேன், ஒன்று விடாமல். கத்துவாள் என்று நினைத்தேன். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். கத்தியிருக்கலாம்.

மார்ச் 20
டாக்டரிடம் வேண்டாம் என்றேன். ஆமையைப் பேசி முடித்தேன்.
“குதிரையை விட்டுட்டு ஆமையாடா?” என்றான் சங்கத்து நண்பன்.
“இந்த ஆமை காலை உள்ள இழுக்காதுடா.”

ஏப்ரல் 6
இன்று ஆமையில் பாப்பாவை முதன்முறையாக ஏற்றினேன். மனைவி அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினாள். கதவைச் சாத்திவிட்டு வேலிப் பக்கம் போவாள் என்றிருந்தேன். சுற்றி வந்து என் பக்கத்தில் ஏறினாள். “ஒண்ணா ஏறக்கூடாதுன்னியே?” என்றேன்.
“நீங்க சக்கரத்தை மறந்ததை டாக்டர் அன்னைக்கே வேலிகிட்ட வந்து சொல்லிட்டாரு” என்றாள். “நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன்.”
பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.