அடி இன்னும் விழவில்லை

பிப்ரவரி 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. அப்பாவுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. நான் உனக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வாள் என்று எனக்கே தெரியாது. நீ விட்டுப்போன சட்டையை நான் போட்டுக்கொண்டதற்கே ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாதி பயம், பாதி கோபம்.

உன் கடிதம் என் பெஞ்சுத்தோழியின் வீட்டு முகவரிக்குப் பத்திரமாக வந்தது. பள்ளிக் கழிப்பறையில் நின்று படித்தேன். நம் கார்டு ஆட்டத்துக்கு, "கல்சிறகன் தாக்குகிறான், பலம் ஐந்து, உன்னிடம் மிச்சம் நாலு உயிர், ஆட்டம் முடிந்தது, பெட்டியைக் கட்டு" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். அநியாயம், அக்கா!

கார்டு ஆட்டத்தைத் தபாலில் ஆடலாம் என்றது நீ. ஒரு கடிதத்துக்கு ஒரு படிதான் என்று சட்டம் போட்டதும் நீ. தாக்குகிறேன் என்று நீ எழுத வேண்டும். தடுக்கிறேனா இல்லையா என்று நான் எழுத வேண்டும். அதற்குப் பிறகும், அடி விழுவதற்கு முன்னால், கையிலிருக்கும் மந்திரக் கார்டைப் போட இடைவெளி உண்டு. அப்புறம்தான் அடி. நீயே தாக்கி, எனக்குப் பதில் நீயே தடுக்காமல் விட்டு, அடியையும் எண்ணி, உறையையும் ஒட்டிவிட்டாய். எனக்கென்ன வாய் இல்லையா?

சும்மா ஆட்டம் என்றால் போகிறது என்று விட்டிருப்பேன். நான் தோற்றால் பரீட்சை முடிந்ததும் அம்மாவை விட்டு அங்கே வந்துவிட வேண்டும், நீ தோற்றால் அப்பாவை விட்டு இங்கே வந்துவிட வேண்டும் என்றல்லவா பந்தயம்? இதிலுமா கள்ளாட்டம்?

கோபத்தோடு,
குண்டூசி

*

பிப்ரவரி 9

என் செல்லக் குண்டூசிக்கு,

அக்கா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை உண்டா? எடுத்தவுடன் குத்தல். பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறோம்.

உன்னுடைய ஒரே காவல்காரன் போன சுற்றில் தாக்கப் போய்ச் சாய்ந்து கிடக்கிறான். தடுக்க ஆளே இல்லை. தடுப்பே இல்லாதபோது தடுப்புக்குப் பிறகு என்னடி இடைவெளி? வீணாக இரண்டு கடிதம் எதற்கு என்று சேர்த்து எழுதினேன். தோற்றால் ஒத்துக்கொள்ளப் பழகு.

ஜன்னலோரக் கட்டிலை உனக்கென்று ஒழித்து வைத்துவிட்டேன். அப்பாவும் ஒரு மேஜை விளக்கை யாரும் தொடக்கூடாது என்று எடுத்து வைத்திருக்கிறார். "சின்னவ வந்தா படிக்க வேணும்ல" என்கிறார்.

அம்மாவுக்கு இருமல் தேவலையா? நான் கேட்டேன் என்று சொல்லாதே.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 13, இரவு

அக்கா,

அம்மா கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். இருமல் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை இருமும்போதும் டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி போடுகிறேன்.

இன்றைக்குப் பள்ளி விட்டதும் கார்டு கடைக்குப் போனேன். வீட்டில் சிறப்பு வகுப்பு என்று பொய் சொன்னேன். உன்னால்தான்.

"அண்ணே, தடுக்க ஆளே இல்லைன்னா உடனே அடி விழுந்துருமா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?"

"எங்க அக்கா."

கடை அண்ணன் கார்டு அடுக்குவதை நிறுத்திவிட்டார். "உங்கக்காவா? போட்டியில இதே விஷயத்துக்கு எங்கிட்ட மல்லுக்கு நின்னு ஜெயிச்சவளாச்சே! ஆள் இல்லைன்னாலும் அந்தப் படி உண்டும்மா. 'தடுக்கல'ன்னு உன் வாயால நீ சொல்லணும். சொன்னப்புறம் கார்டு போட உனக்கு நேரம் விடணும். அதுவரைக்கும் அவ உன் உயிரைத் தொடப்படாது."

"உங்கக்காவுக்கு வயசாயிடுச்சு, மறந்துபோச்சு" என்று ஒருவன் சொல்ல, கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ மறக்கவில்லை. தெரிந்தே செய்திருக்கிறாய்.

நீ வீட்டை விட்டுப் போனதுகூட இப்படித்தான். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் பையைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு போய்விட்டாய். "போனவ போனவதான், சாப்பிட வா" என்றாள் அம்மா. முன்னாலேயே தெரிந்திருந்தால் வாசலில் குறுக்கே படுத்திருப்பேன். அது தெரிந்துதானே அந்த நேரம் பார்த்துப் போனாய்?

ஏன் ஏமாற்றினாய் என்று எழுது. சுற்றி வளைக்காதே.

குண்டூசி

*

பிப்ரவரி 18

குண்டூசி,

நன்றாகவே குத்திவிட்டாய். இடைவெளி உண்டு. எண்ணியதை அழித்துவிட்டேன். கல்சிறகன் உன் முன்னால் நிற்கிறான். உன் பதில் வரும்வரை அடி விழாது.

பந்தயம் கட்டியபோது உண்மையாகத்தான் கட்டினேன். போன மாதம் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். முதுகில் அடி. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இனி நீ ஜெயித்தாலும் என்னால் வர முடியாது. அதனால் நான் தோற்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

பகலில் சமாளித்துவிடுகிறேன். ராத்திரி அவர் புரண்டு படுக்க முடியாமல் முனகும்போது, பக்கத்துக் கட்டிலில் நீ இருந்தால் தேவலை என்று இருக்கிறது. அவ்வளவுதான். திட்டுவதானால் திட்டு.

அக்கா

*

பிப்ரவரி 22, இரவு

அக்கா,

திட்டத்தான் போகிறேன். அப்பா விழுந்ததை, நான் குடைந்து குடைந்து கேட்ட பிறகு, ஒரு மாதம் கழித்துச் சொல்கிறாய். எனக்கு அவர் அப்பா இல்லையா? படித்ததும் அழுகை வந்தது. உன்மேல் வந்த கோபத்தில் அதுவும் நின்றுவிட்டது. "பயமாக இருக்கிறது, வாடி" என்று ஒரு வரி எழுதியிருந்தால், விடுமுறை முழுக்க அங்கே இருந்து நானே அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டிருப்பேன். கூப்பிடத் தெரியாமல், ஜெயித்து இழுத்துப் போகப் பார்த்தாயே!

சரி, ஆட்டத்துக்கு வா. தடுக்கவில்லை. இப்போது என் இடைவெளி. பனிமூட்டம் என்ற மந்திரக் கார்டைப் போடுகிறேன். இந்தச் சுற்றில் யார் அடியும் யார்மேலும் விழாது. என் நாலு உயிர் அப்படியே இருக்கிறது.

பந்தயத்தை மட்டும் நான் கலைக்கிறேன். அம்மாவை விட்டு வர மாட்டேன். அப்பாவை விட்டு வா என்று உன்னையும் சொல்ல மாட்டேன். அவர்கள் நம்மைப் பங்கு போட்டது போதாதா, நாமும் கார்டை வைத்துப் பங்கு போட வேண்டுமா?

தபாலில் இனிமேல் ஆட மாட்டேன். ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் கார்டு கடைக்கு வா, மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம். என் எதிரில் உட்கார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் படியைத் தாண்டிப் போக முடிகிறதா பார்க்கிறேன்.

இன்னொன்று. அப்பா முதுகைப் பற்றி அம்மாவிடம் சொல்லப் போகிறேன். சத்தியம் வாங்கியது உன்னிடம்தான், என்னிடம் இல்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்பாள். கடிதங்களைக் காட்டித்தான் ஆக வேண்டும். நாளைக்குக் காலையில் அவள் வேலைக்குக் கிளம்புவதற்குள்—

அம்மா கதவைத் தட்டுகிறாள். "உள்ள என்னடி வெளிச்சம்? இன்னும் தூங்கலையா?"

டார்ச்சை அணைக்கவில்லை, அக்கா. "திறந்துதாம்மா இருக்கு, வா" என்று சொல்லிவிட்டேன்.