பன்னிரண்டு பேரா, ஒரு நீதிபதியா

பர்ன்லி, இங்கிலாந்து,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

என் செல்ல ஸ்பட்டுக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் நாயும் நலம். நீ போனதிலிருந்து அது உன் சைக்கிள் நின்ற இடத்தில்தான் படுக்கிறது. இந்தக் கடிதத்தையும் வழக்கம்போலக் கதவில் தொங்கும் உன் கோட்டுப் பையில் வைப்பேன்.

உன்மேல் காரை ஏற்றினவனுடைய வழக்கை மறுபடி தள்ளிவைத்துவிட்டார்கள். அடுத்த வருடக் கடைசியில்தானாம். கோர்ட்டில் அவ்வளவு வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. தன்மேல் தப்பே இல்லை என்கிறான் அவன். நேரில் பார்த்தது பேப்பர் கடை எர்னி ஒருவர்தான். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். போன வாரம் பார்க்கப் போனேன். "டோரீன், நான் சாட்சிக் கூண்டுல ஏறுறதுக்குள்ள என்னைப் பெட்டியில ஏத்திருவாங்க போல" என்று சிரித்தார். பாதியில் இருமல் வந்துவிட்டது. அதற்குள் அவர் போய்விட்டால், எழுதிக் கொடுத்ததைக் கோர்ட்டில் படிப்பார்களாம். எர்னி வாயால் சொல்கிற மாதிரி ஆகுமா அது?

அரசாங்கம் ஒரு வழி சொல்கிறது. மூன்று வருடத்துக்குள் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கு இனி ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி வேண்டாம், நீதிபதி ஒருவரே கேட்டு முடிக்கட்டும் என்று. நம் வழக்கும் அதில் சேர்ந்தால் சீக்கிரம் முடியலாமாம். நம்மைப் போன்ற குடும்பங்களுக்குச் சங்கம் நடத்தும் பிலிப்பா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். வியாழக்கிழமை டவுன்ஹால் கூட்டத்தில் உன் படத்தைப் பிடித்துக்கொண்டு நான் அந்த வழிக்கு ஆதரவாகப் பேச வேண்டுமாம். "நீங்க பேசினா ஊரே கேட்கும்மா" என்றாள். நல்ல பெண்தான். அவளும் தங்கையைப் பறிகொடுத்தவள்.

கிளப்பிலும் இதே பேச்சு. "பேசு டோரீன், எர்னி போறதுக்குள்ள முடியட்டும்" என்றாள் உன் அத்தை ஜேனிஸ். உன் மாமா ரானிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஜட்ஜு என்னைக்காவது நம்ம ஊர் பஸ்ல ஏறியிருப்பாரா? அவருக்கு நம்மளைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டான். "நீ ஜூரியில உட்கார்ந்தப்ப தூங்கினவன்தானே" என்று ஜேனிஸ் மடக்கினாள். "நான் தூங்கினா மத்த பதினோரு பேர் முழிச்சிருந்தாங்க. ஜட்ஜு தூங்கினா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

போலீஸ்காரரை அடித்ததாக முன்பு உன்னைக் கோர்ட்டில் நிறுத்தினார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஜூரி இல்லாத கீழ்க் கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். நீ கேட்கவில்லை. "நம்மள மாதிரி ஆளுங்க பன்னிரண்டு பேர் பார்த்துச் சொல்லட்டும்மா" என்றாய். குற்றமில்லை என்று சொன்னார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்பதை அவர்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. அதனால்தான் ஜூரியில் இருந்த அந்தச் சிவப்புத் தொப்பிக்காரி பஸ் நிறுத்தத்தில் நம்மைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் புதினா மிட்டாய் ஒன்றை உன்னிடம் நீட்டினாள். நீ தின்னாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாய். இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கடிதம் வைக்கும்போதும் விரலில் தட்டுப்படுகிறது.

குளிர் இல்லாத இடத்தில் நிம்மதியாக இரு, கண்ணே. எர்னிக்காக வேண்டிக்கொள். உன்னைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பன்னிரண்டு பேரையே வேண்டாம் என்று சொல்லித்தான் உனக்கு நியாயம் வாங்க வேண்டுமென்றால், வியாழக்கிழமை நான் எழுந்து நிற்கட்டுமா, வேண்டாமா?

உன் அம்மா