அறுபது காட்டிய மீட்டர்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கரண்டு மீட்டர் கணக்கெடுக்கப் போகவில்லை. ஈரக் கையோடு பெட்டியைத் தொடக்கூடாது என்று ஆபீசில் ஒரு சாக்கு.

வேலைகள்: கார் டயர். ரேஷன். கலாவுக்கு போன் (செய்யவில்லை. நேற்றும் இல்லை).

மார்ச்சில் அடிபட்டு, ரிப்பேராகி வந்ததிலிருந்து கார் கொட்டகையில்தான். எடுத்தால் கலா உட்காரும் இடப்பக்க சீட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. டயர் மொட்டையாகிவிட்டது, மழைக்காலம், அதனால் காதர் பாய் கடைக்குக் கொண்டுபோனேன்.

பாய் குந்தி உட்கார்ந்து டயர் ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இன்னா சேகரு, இந்த வண்டிக்கு இம்மாம் பெரிய டயரு எவன் போட்டது?"

"நான் போடல பாய். வாங்கும்போதே இப்டித்தான் இருந்துது."

"அப்ப மீட்டரு கரெக்டா காட்டாதே."

உள்ளே தலையை விட்டு ஸ்பீடாமீட்டர் பெட்டியையும் பார்த்தார். திருகாணித் தலையெல்லாம் கீறல். வேறு ஏதோ வண்டியின் பெட்டியைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள் என்றார். எனக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்த வண்டி. யார் வேலையோ.

"சக்கரம் ஒரு சுத்து சுத்துனா இத்தினி தூரம்னு மீட்டருக்கு ஒரு கணக்கு கீது. பெருசா போட்டா ஒரு சுத்துல அதிக தூரம் போவும். மீட்டருக்கு அது எப்டி தெரியும்? பழைய கணக்கையே காட்டிக்கினு இருக்கும்."

"எவ்ளோ வித்தியாசம் வரும் பாய்?"

"டயரு ஒண்ணுன்னா கொஞ்சம்தான். பெட்டியும் வேறன்னா ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

அளவு சரியான டயர் காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டும். பத்து நாள் ஆகும்.

மதியம் சாப்பிடவில்லை. பசி தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

வெயில். ஆறு மணிக்கே கார் எடுத்தேன். போனில் வேகம் காட்டும் ஆப் ஒன்று. டாஷ்போர்டில் ரப்பர் பேண்டால் கட்டி வைத்தேன். திருப்புலிவனம் தாண்டி நேர் ரோடு.

மீட்டரில் 40. போனில் 46, 47.
மீட்டரில் 60. போனில் 70.

வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டேன். 

மார்ச்சில் சாலவாக்கம் ரோட்டில் எருமை குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். வண்டி நெல் வயலில் இறங்கியது. எனக்கு ஒன்றுமில்லை. கலாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "எம்பதுல போனீங்க."

"அறுபதுதான். மீட்டர பாத்துக்கினேதான் ஓட்டினேன்" என்றேன். நான்கு பேர் எதிரில், சத்தியம் செய்து.

கட்டுப் பிரித்த மறுநாள் தாமலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "அடிபட்டதுக்கு இல்ல. அந்த நேரத்துலயும் பொய் சொன்னீங்க பாருங்க, அதுக்கு." ஏழு மாதம் ஆகிறது.

நான் பொய் சொல்லவில்லை. முள் அறுபதில்தான் இருந்தது. இதோ காரணம், கையில். இப்போதே போன் செய்து சொல்ல வேண்டும்போல இருந்தது. எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொன்னால் இன்னொரு பொய் என்பாள்.

இன்னொன்று. தாமல் முப்பத்து நாலு கிலோமீட்டர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், வண்டி காட்டியதை வைத்து. தூரத்தையும் அது குறைத்துத்தான் காட்டியிருக்கிறது. உண்மையில் நாற்பது. நான் நினைத்ததைவிட ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள்.

நவம்பர் 7, வெள்ளி

மேகமூட்டம். சாலவாக்கம் லைன், காலை முழுக்க. ஒரு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டு மீட்டரு தப்பா ஓடுது சார், யாரும் நம்ப மாட்றாங்க."

பதினாறு வருடமாக இதற்கு ஒரே பதில் வைத்திருந்தேன். மீட்டருக்கு உங்க மேல இன்னாம்மா கோவம் என்று. இன்று வரவில்லை. பரிசோதிக்க மனு எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போனையும் நம்ப முடியாது என்றார் பாய். வளைவில், புளியமர நிழலில் கொஞ்சம் தடுமாறுமாம். நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் சரியாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நேரம் பார். அறுபதில் போனால் கல்லுக்கு அறுபது விநாடி.

சாயந்திரம் முயன்றேன். முள்ளை அறுபதிலேயே நிறுத்த வேண்டும், கல்லைப் பார்க்க வேண்டும், போனில் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். ஒருவன் செய்கிற காரியம் இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஐந்து தடவையில் இரண்டு வீண்.

மிச்சம் மூன்று: 51, 52, 51.

திரும்பும்போது பாயிடம் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "கம்பெனி மீட்டரு எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் சேகரு. அறுபதுன்னு காட்னா உள்ள ஐம்பத்தாறு, ஐம்பத்தேழுதான் ஓடும். டயரு தேஞ்சா, காத்து கம்மியானா இன்னும் துளி கூட்டும். அது நல்லதுதான், ஆளு மெதுவா போவான். குறைச்சுக் காட்டவே கூடாது. ஒன் வண்டி தலைகீயா கீது."

எழுபது. அவள் சொன்ன எண்பது இல்லை. நான் சொன்ன அறுபதும் இல்லை.

ஆனால் மூன்று வருடமாக, "மெதுவா போங்க, வேகம் ஜாஸ்தியா கீது" என்று அவள் சொன்னபோதெல்லாம் ஜாஸ்தியாகத்தான் இருந்திருக்கிறது. மீட்டர் கண்ணாடியில் விரலால் தட்டிக் காட்டியிருக்கிறேன். பாரு, அம்பதுதான், ஒனக்குத்தான் பயம் என்று. அவள் அண்ணி முன்னால் ஒரு தடவை. கல்யாண வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைக்க ஒரு தடவை.

புதன்கிழமை இருந்த சந்தோஷம் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

விட்டுவிட்டு மழை. தாமல்.

மீட்டரில் 35க்கு மேல் போகவில்லை. காஞ்சிபுரம் வரை எல்லாப் பேருந்தும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. ஏரி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. கரையில் கூட்டம்.

அண்ணி "வாங்க" என்றார். அண்ணன் வீட்டில் இல்லை. கலா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். முடியை வேறு மாதிரி கட்டியிருக்கிறாள்.

"இன்னா விசயம்?"

சொன்னேன். டயர், பெட்டி, கல், விநாடி. கோர்ட்டில் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே நாலு துணி மடித்தாள்.

"எனக்கு எப்டித் தெரியும் நீங்க சொல்றது?"

"நீயே நேரம் பாரு."

மடித்த துணியை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் செருப்பைப் போட்டாள்.

சீட் பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, கழற்றி, திரும்ப மாட்டினாள். போன் ஒரு கையில், இன்னொரு கை கைப்பிடியை விடவே இல்லை. நாற்பதிலேயே வைத்தேன். அறுபது என்று கேட்க வாய் வரவில்லை. நெடுஞ்சாலையில் இடது ஓரம். முதல் கல் வந்ததும், "இப்ப" என்றாள், தனக்குத்தானே. அடுத்த கல்லில் அழுத்தினாள்.

"எழுவத்தேழு."

"நெஜமா நாப்பதுல போயிருந்தா தொண்ணூறு வரணும்."

இன்னும் ஒரு தடவை என்றாள். எழுபத்தாறு.

ஓரமாக நிறுத்தினேன். வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப நீங்க பொய் சொல்லல."

எட்டு மாதமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நீ சொன்னதுதான் சரி கலா. மூணு வருசமா நீ சொன்னதுதான் சரி."

"அது எனக்குத் தெரியும். கல்லு பாத்துத்தான் எனக்குத் தெரியணுமா?" சத்தம் ஏறவில்லை. "பயமா கீதுன்னு சொல்லும்போதெல்லாம் அந்த மீட்டரத்தான் பாத்தீங்க. என் மூஞ்சிய ஒரு வாட்டி திரும்பிப் பாத்திருப்பீங்களா? மீட்டரு கரெக்டாவே இருந்திருந்தா மட்டும்? நான் பயந்தது பொய்யா?"

வண்டியைத் திருப்பினேன்.

ஏரித் திருப்பத்தில் இறக்கிவிடச் சொன்னாள். மழையில் நடந்து போனாள். குடை இருந்தது வண்டியில். அவள் போய் மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நவம்பர் 10, திங்கள்

வேலை. 64 வீடு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சீட்டில் ஒரு நீள முடி. எடுக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நல்ல வெயில். டயர் வந்துவிட்டது, சொன்னதைவிட ஒரு நாள் முன்னால். நாலும் மாட்டியாயிற்று. பெட்டிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. அதுவரை மீட்டர் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார் பாய். "போன பாத்து ஓட்டு, இல்ல ரோட்ட பாத்து ஓட்டு."

நாலு மணிக்கு கலா போன். அவளாக.

"ஞாயித்துக்கெழம வரேன். பொடவைங்க வேணும். அங்கயே கீது எல்லாம்."

"வண்டி எடுத்துக்கினு வரட்டா?"

"வேணாம். பஸ்ல வரேன்."

மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள். சரி. அப்படியாவது வருகிறாள்.

நவம்பர் 15, சனி

வீடு கூட்டினேன். பெட்ஷீட் துவைத்தேன், காயவில்லை. பால், வெங்காயம், கத்திரிக்காய். கொத்தமல்லி கிடைக்கவில்லை. பீரோவில் அவள் புடவைத் தட்டை அவள் போனதிலிருந்து தொடவில்லை. இன்றும் தொடவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வானம் தெளிவு. பஸ் ஸ்டாண்டில் ஒன்பதரைக்கே போய் நின்றேன். பத்தே காலுக்கு வந்தாள். வீடு வரை நடந்தோம். வழியில் ஒருவர், "இன்னாம்மா, வந்துட்டியா?" "வந்துக்கினே இருக்கன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

நான் சமைத்ததைச் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள். போட்டுக்கொண்டாள். பேச்சு அதிகமில்லை. பேசும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவை, "ரொம்பப் பாக்காதீங்க" என்றாள்.

ரெண்டு மணிக்கு பீரோ. கட்டிலில் எல்லாப் புடவையையும் அடுக்கினாள். நான் வாசற்படியிலேயே நின்றேன், பையைப் பிடித்துக்கொண்டு. பழசு, புதுசு, தறிக்காரர் வீட்டில் சொல்லி வாங்கியது. ஒவ்வொன்றாகப் பைக்குள் போயிற்று. பை நிரம்பவில்லை, இன்னும் இடம் இருந்தது. பச்சைப் புடவையையும் அந்த ஊதாவையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் இரண்டையும் மறுபடி மடித்து, பீரோவில், என் சட்டைகளுக்கு மேல் தட்டில் வைத்தாள்.

பையை நான் தூக்கிக்கொண்டேன்.

மூன்றரை பஸ். அவளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது.